அச்சகத்தில் அச்சான அக்காவின் விசா போட்டோ

போட்டோ எடுக்கப் போனதற்கெல்லாமா பயணக் கட்டுரை என்று கேட்பீர்கள். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவிலுள்ள இருபத்தைந்து சொச்சம் கிலோமீட்டரில் போன மாதம் ஒரு வியாழக்கிழமை நான் பட்ட பரபரப்பு, சிங்கப்பூருக்குப் போனபோதுகூட வரவில்லை. நான் பார்த்த ஒரே வெளிநாடு அதுதான். அந்த ஒரு தகுதியை வைத்து, குடும்பத்தில் விசா என்று யார் பேச்செடுத்தாலும் என் தலையில் கட்டிவிடுவார்கள்.

விஷயம் இதுதான். அக்கா மகள் ஜெர்மனியில் மேல்படிப்பை முடித்துவிட்டாள். பட்டமளிப்பு விழாவுக்கு அம்மா வந்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். மகளை நேரில் பார்த்து அக்காவுக்கு மூன்று வருடம் ஆகிறது. அக்கா ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கம்பி மத்தாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறாள். அத்தான் திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் ஆப்செட் மிசின் ஓட்டுகிறார். சீசன் நேரம் என்பதால் அவருக்கு லீவு கிடையாது, பாஸ்போர்ட்டும் கிடையாது. அதனால் அக்கா மட்டும் போவதாக முடிவானது. சென்னை விசா மையத்தில் வெள்ளிக்கிழமை காலை நேரம் கிடைத்திருந்தது. அதை விட்டால் அடுத்த நேரம் விழா முடிந்த பிறகுதான்.

போட்டோவைத் தான் பார்த்துக்கொள்வதாக அத்தான் சொல்லியிருந்தார். வியாழன் மாலையே சென்னைக்கு ரயில் என்பதால் போட்டோவை வாங்கிவர அன்று காலை ஒன்பது மணிக்கு விருதுநகரில் பஸ் ஏறினேன். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். ஜன்னல் சீட் கிடைத்தால் வெயில் படாத பக்கமாகப் பார்த்து உட்காருங்கள். முக்கால் மணி நேரத்தில் திருத்தங்கல் வந்துவிடும்.

அச்சகத்தில் அத்தான் ஒரு போட்டோக் கட்டை எடுத்து என் கையில் வைத்தார். பட்டாசுப் பெட்டி லேபிள் ஓடும் தாளில் ஓரமாகக் கொஞ்சம் வெற்றிடம் மிஞ்சுமாம். முதலாளியிடம் கேட்டு, அதில் அக்கா படத்தைச் சேர்த்து நாலு கலரில் ஓட்டியிருக்கிறார். ஆர்டர் நாலாயிரம் தாள். ஆக, புஸ்வாணத்துக்கும் சங்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் நாலாயிரம் முறை என் அக்கா! மேலே பளபளவென்று வார்னிஷ் வேறு. சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

பிறகுதான் உற்றுப் பார்த்தேன். அக்கா கன்னத்து மச்சத்தைக் காணோம். கண்ணுக்குக் கீழே இருந்த கருமையும் இல்லை. காலண்டருக்கு லட்சுமி, சரஸ்வதி என்று திருத்திப் பழகிய டிசைனர், அதே கையோடு அக்காவையும் திருத்திவிட்டார். அச்சு பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்தால் முகம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. விசா விதியோ படம் போட்டோத் தாளில்தான் இருக்கவேண்டும், முகத்தைத் திருத்தக்கூடாது என்கிறது. இது செல்லாது என்று அத்தானிடம் சொல்ல எனக்கு மனசே வரவில்லை. ஆனாலும் சொன்னேன்.

அவர் கட்டைத் திரும்ப வாங்கி மிசின் மேல் வைத்தார்.

"கூடப் போகத்தான் முடியல. இதையாச்சும் நம்ம கையால செஞ்சு குடுப்போம்னு பாத்தேன் மாப்ளே."

பாவமாகிவிட்டது. ஆனால் பாவம் பார்க்க நேரமில்லை. பக்கத்து மிசின்காரரிடம் சொல்லிவிட்டு அத்தான் பைக்கை எடுத்தார். ரயில் சாயங்காலம்தானே, அரைநாள் கூலியை ஏன் விடணும் என்று அக்கா அன்றைக்கும் வேலைக்குப் போயிருந்தாள். பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நேரில் போவதைத் தவிர வழியில்லை. திருத்தங்கலில் இருந்து பத்து கிலோமீட்டர் இருக்கும். வாட்ச்மேன் உள்ளே போய்ச் சொல்ல, அக்கா வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தாள். நெற்றி, மூக்கு, காது மடல் எல்லாம் அலுமினியப் பொடி மின்னியது. மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டாளாம். விஷயம் தெரிந்ததும் என்னைத் திட்டினாள், அத்தானை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர்கள் பைக்கிலும் நான் பஸ்ஸிலுமாக சிவகாசி போய்ச் சேர்ந்தோம். ஸ்டுடியோ நடத்தும் அம்மா ஜெர்மனி என்றதுமே அளவைச் சொல்லிவிட்டார். முதல் படத்தில் பிளாஷ் பட்டு நெற்றி வெள்ளித்தட்டு மாதிரி பளிச்சிட்டது. தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவியும் காதோரம் மிச்சமிருந்தது. மூன்றாவது முறைதான் போனது. அடுத்த சிக்கல் சிரிப்பு. வாயை மூடி இயல்பாகப் பார்க்கவேண்டும். கேமராவுக்குப் பின்னால் அத்தான் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்துப் பார்த்து அக்கா சிரித்தாள்.

"நீக கொஞ்சம் வெளிய நில்லுங்க அண்ணாச்சி" என்று அந்த அம்மா அவரைத் தெருவுக்கு அனுப்பிய பிறகுதான் சரியாக வந்தது.

மச்சமும் கருவளையமுமாக எட்டுப் படம், நூற்றைம்பது ரூபாய். அதைப் பையில் வைத்த அக்கா, அச்சகப் படத்திலும் ஒரு கட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். இதை மகளிடம் காட்டியே தீருவாளாம்.

வெள்ளிக்கிழமை சென்னைக்கு அக்காவுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். கவுன்ட்டர் பெண் படத்தின் மேல் அளவுத் தகடை வைத்துப் பார்த்தார். அவர் பசை தடவி ஒட்டிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டார்!

நீங்களும் கிளம்புவதாக இருந்தால் ஸ்டுடியோவில் விசா போட்டோ என்று மட்டும் சொல்லாதீர்கள், எந்த நாடு என்று சொல்லுங்கள். எங்களுக்கு 35க்கு 45 மில்லிமீட்டர், முகம் மட்டும் 32 முதல் 36 வரை. அமெரிக்காவுக்கு இரண்டு அங்குலச் சதுரம். படம் ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்கவேண்டும். பின்னணி வெளிர்நிறம் என்பதால் வெள்ளைச் சட்டை வேண்டாம். பட்டாசு வேலை பார்ப்பவர்கள் லீவு நாளில், தலைக்குக் குளித்துவிட்டுப் போங்கள். அழகாக்கித் தருகிறேன் என்றால் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுங்கள்.

போன வாரம் விசா வந்துவிட்டது! அத்தான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தனக்கும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடச் சொன்னார். சீசன் முடியட்டுமா என்று கேட்டேன்.

"இவுக சீசன் முடியுறதுக்குள்ள நான் கிழவியாயிருவேன். இப்பவே போடு தம்பி" என்றாள் அக்கா.

அதற்குப் போட்டோ கொண்டுபோக வேண்டாம், பாஸ்போர்ட் ஆபீசிலேயே எடுப்பார்கள் என்றதில் அத்தானுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். மதுரையில் அடுத்த புதன்கிழமை நேரம் கிடைத்தது. உடனே முதலாளிக்குப் போன் போட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் சீசன் நேரத்தில் அவர் லீவு கேட்டு அக்கா பார்த்ததில்லை. அவர் பேசி முடிக்கும்வரை, அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.