பஸ் கூரைக்கு நாங்கள் வளைத்த கம்பி

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து கோயமுத்தூருக்கு ஓட்டுவதற்காக நானும் என் மகனும் ஒரு பழைய பஸ் வாங்கினோம். அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஆளைவிடச் சரக்குதான் அதிகம் ஏறும் பாதை அது. கூரைமேல் மூட்டைகளை நிறுத்தச் சுற்றிலும் கம்பி வேண்டும். எங்கள் மாட்டு வண்டிகளுக்கு இரும்பு வேலை செய்யும் ஆசாரிக்கு ஆடி மாதம் முழுவதும் ஏர்க்கொழு அடிக்கும் வேலை. "பத்து நாள் பொறுத்துக்குங்க, நானே வந்து செஞ்சு தாரேன்" என்றார். நாங்கள் பொறுக்கவில்லை. அவரிடம் துருத்தியை மட்டும் இரவல் வாங்கி வந்தோம்.

பழைய சாமான் கடையில் மில்லில் கழித்த உருக்குக் கம்பிகள் கிடைத்தன. மாட்டுக் கொட்டகைக்கு வெளியே குழி தோண்டிக் கரி போட்டோம். கம்பி பழுத்ததும் கல்தூணில் கொடுத்து அவன் வளைப்பான். வளைந்த மூலையில் நான் தண்ணீர் ஊற்றுவேன். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை ஏற்றும்போது சூட்டோடு தண்ணீர் ஊற்றி இறுக்குவதைச் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். இரும்பு என்றால் அப்படித்தான் என்று நினைத்தேன்.

என் மனைவி மோர் கொண்டு வந்தவள், "ஏனுங்க, பஸ்ஸுக்கென்ன கொலுசு செய்யறீங்களா ரெண்டு பேரும்?" என்றாள்.

"கொலுசு இல்லீங்கம்மா, ஒட்டியாணம்" என்றான் மகன். அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

மூலைகள் நான்கும் கல் மாதிரி இறுகியிருந்தன. சுத்தியலால் தட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

மூன்றாம் நாள் காலை, கோயமுத்தூர் மார்க்கெட்டுக்கு நிலக்கடலை மூட்டை ஏற்றினோம். மகன் கூரைமேல் நின்று, மூலைக் கம்பியில் காலை உதைத்துக்கொண்டு, கயிற்றை இழுத்துக் கட்டினான். கம்பி வளைந்திருந்தால் அவன் சுதாரித்திருப்பான். அது வளையவில்லை. கண்ணாடி வளையல் உடைவது போல ஒரு சத்தம்தான் கேட்டது. கீழே கிடந்த கல்லில் அவன் முதுகு விழுந்தது.

மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இனி வராது என்று டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொல்லிவிட்டார். பாதத்தில் ஈ உட்கார்ந்தால் நாங்கள் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும்.

ஆசாரி பார்க்க வந்தார். திரும்பிப் போகும்போது, வாசலில் கிடந்த உடைந்த கம்பித் துண்டை எடுத்து முறிந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"இது உருக்குங்க. தண்ணி காட்டுனீங்களா?"

"ஆமாங்க."

"சாம்பல்ல பொதைச்சு ஆற உட்டிருக்கோணுங்க. தண்ணி பட்டா நொறுங்கிப்போகும்."

துண்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மகன் தன்னையே நொந்துகொண்டிருந்தான். "நாந்தானுங்கப்பா, சரியாக் காயறதுக்கு முன்னாலயே வளைச்சுப்போட்டேன்" என்று யார் வந்தாலும் சொல்வான். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஆறு வாரம். சொன்னால் என்னை வெறுத்துவிடுவான் என்ற பயம். சொல்லாவிட்டால் காலம் பூராவும் தன்னையே வெறுப்பானே என்பது அதைவிடப் பெரிய பயம்.

போன வாரம், அவனுக்கு உடம்பு துடைத்துவிடும்போது சொல்லிவிட்டேன். "நீ வளைச்சதுல தப்பில்ல கண்ணு. நான் ஊத்துன தண்ணிதான்." ஆசாரி சொன்னதையும் சொன்னேன்.

அவன் என் கையிலிருந்த துணியை வாங்கித் தன் மார்பைத் தானே துடைத்துக்கொண்டான். பிறகு, "அம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்க, தாங்க மாட்டாங்க" என்றான்.

நான் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து, புரண்டு படுக்க வேண்டுமென்றால் அவன் என்னைக் கூப்பிடுவதில்லை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், அடுப்படியில் இருக்கும் அவன் அம்மாவைத்தான் கூப்பிடுகிறான்.