கோல்கீப்பரை நிறுத்திய நாள்

மூணாங்கிளாஸோடு படிப்பு நின்றாலும், ஊட்டியில் காய்கறி மண்டி போட்டு, சம்பளத்துக்கு ஆள் வைத்து ஃபுட்பால் டீமே நடத்தியவன் நான். முதல் வருஷம் ஆடிய ஏழு மேட்சும் தோல்வி.

ஏழாவதில் கோல்கீப்பர் ரஃபீக்கை எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டேன். "கைக்கு வந்த பந்தையே விடறே, உனக்கெதுக்குடா சம்பளம்? நாளையிலிருந்து வராதே."

அவன் கிளவுஸைக் கழற்றித் தந்துவிட்டுப் போனான். கேப்டன்தான் சொன்னான்: "விடியக்காலையிலிருந்து உங்க லாரிக்குத்தானுங்க கேரட் மூட்டை ஏத்தினோம். அப்புறம் கை எப்படிங்க எழும்பும்?"

சம்பளக்காரன் சும்மா இருக்கக் கூடாதென்று மேட்ச் நாளிலும் மூட்டை தூக்க வைத்தவன் நான்தான்.

ரஃபீக்கைக் கூப்பிட ஆள் அனுப்பினேன். நேரில் போக வீம்பு விடவில்லை. அவன் வரவில்லை. அவனால்தான் தோற்றோமென்று ஊர் இன்னும் பேசுகிறது. என்னால்தான் என்று இன்றுதான் சொல்கிறேன்.