மகள் போன அயர்லாந்து, நான் போன அயர்லாந்து

போன வாரம் பேக்கரியில் பன் வாங்க நின்றிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர் என்னையே உற்றுப் பார்த்தார். பிறகு முகத்தில் ஒரு மலர்ச்சி. எனக்குப் புரிந்துவிட்டது... வாசகர்.

எழுதுகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

"அண்ணாச்சி, பேப்பர்ல உங்க பத்திய வாரந்தவறாம வாசிக்கேன்" என்றார். ஏரலில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறாராம். "அதுலயும் போன மாசம் ஒண்ணு எழுதியிருந்தீயள்லா... ரொம்ப நல்லா இருந்துச்சு."

எது? பிஸ்கே வளைகுடாவில் புயலில் மாட்டிய கதையா? சூயஸில் காத்துக் கிடந்த கதையா? ஆவலாகக் கேட்டேன்.

"கடைசியில உங்க மக அயர்லாந்து போயிருக்கதப் பத்தி நாலு வரி போட்டிருந்தீயள்லா, அதுதான். பேசாம அந்தப் பிள்ளையவே எழுதச் சொல்லலாமே அண்ணாச்சி. கப்பலு, புயலுன்னு நீங்க நெறைய எழுதியாச்சு."

அவர் நல்ல மனிதர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் வீடு வரும் வரை எனக்கு அந்தப் பன் கனத்தது.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் சரக்குக் கப்பல்களில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன். கடைசியில் போசன் ஆனேன். போசன் என்றால் டெக்கில் வேலை செய்பவர்களுக்கு மேஸ்திரி மாதிரி. கயிறு, நங்கூரம், சரக்கறை மூடி எல்லாம் என் பொறுப்பு. எங்கள் தெருவில் 'ஃபாரின்' என்றால் அது நான்தான். யார் வீட்டு விசேஷமானாலும் என்னைச் சுற்றி நாலு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

அந்த நாற்காலிகள் இப்போது வேறு பக்கம் திரும்பிவிட்டன.

என் மகள் ஷெரின் மீன்வளம் படிக்கிறாள். மூன்றாம் ஆண்டு. இந்தக் கோடை விடுமுறைக்கு அயர்லாந்தில், கால்வே என்ற ஊரில் உள்ள ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் இன்டர்ன்ஷிப் கிடைத்தது. அவளாகவே தேடினாள், அவளாகவே விண்ணப்பித்தாள். கம்ப்யூட்டரில் இன்டர்வியூ நடந்தபோது என் மனைவி ரோஸ்லின் மிக்ஸியைக்கூடப் போடாமல் அடுக்களையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேலை என்னவென்றால், குஞ்சுச் சிப்பிகளை அளந்து பார்ப்பது. எவ்வளவு வளர்ந்திருக்கின்றன, எந்தத் தண்ணீரில் நன்றாக வளர்கின்றன... அப்படி. முத்துக் குளித்த ஊர்க்காரிக்குச் சிப்பி அளக்க அயர்லாந்து போக வேண்டியிருக்கிறது பாருங்கள்.

முதலில் எனக்குப் பெருமைதான். சத்தியமாகப் பெருமைதான். லட்டு வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தவன் நான். பிறகு எந்த இடத்தில் அது திரிந்தது என்று சொல்லத் தெரியவில்லை. பால் எந்த நிமிஷத்தில் திரிகிறது என்று யாருக்குத் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடியோ கால் வரும். என் மச்சான் சேவியர் குடும்பத்தோடு வந்துவிடுவான். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து எல்லோரும் எதிரில் உட்காருவார்கள். அவள் பேசப் பேச, இவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள்.

ஒரு வாரம் அவள் மழையைப் பற்றிச் சொன்னாள்.

"இங்க மழை எவ்ளோ அழகு தெரியுமா மாமா? சாரல் மாதிரி வருது, உடனே போயிருது. யாரும் குடைகூடப் பிடிக்க மாட்டாங்க."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அயர்லாந்து மழையைப் பற்றி எனக்கா தெரியாது? மூன்று தடவை போயிருக்கிறேன்.

"அந்த மழையில என்ன பாடு பட்டிருக்கேன் தெரியுமாலே சேவியர்" என்று ஆரம்பித்தேன். "ஒரு தடவ..."

"செத்த சும்மா இரிங்களேன்" என்றாள் ரோஸ்லின். "பிள்ள பேசுதால்லா."

சேவியர் என் பக்கம் திரும்பவே இல்லை. என் கல்யாணத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்து என் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் அவன்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அடுத்த வாரம் நடந்தது. அன்றைக்கு வேலை நாள். மற்றவர்கள் இல்லை, நாங்கள் இரண்டு பேர்தான். ஷெரின் வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் போற தெருவப் பாக்கியா?" என்று கேமராவைத் திருப்பினாள்.

ரோஸ்லின் வேளாங்கண்ணியைத் தாண்டி எங்கும் போனதில்லை. போனை முகத்துக்கு அருகில் கொண்டுபோனாள். நீல வண்ணம் அடித்த ஒரு கடை. விளக்குக் கம்பத்தில் தொங்கும் பூத்தொட்டிகள். ஒருவர் தெருவோரம் நின்று வயலின் வாசித்துக்கொண்டிருந்தார். யாரும் நிற்கவில்லை, ஆனால் போகிறவர்கள் காசு போட்டார்கள்.

"ஏளா, அந்த ஜன்னல் கிட்டப் போ. உள்ள என்னமோ அசையுது."

"பூனைம்மா."

"என்ன கொழுப்பா இருக்கு. ஆமா, பூவ வெளியிலயே தொங்க விட்டிருக்காவளே, மாடு திங்காதா?"

"இங்க தெருவுல மாடு கிடையாதும்மா."

ஜன்னல் திரை என்ன துணி, ரொட்டிக்கடையில் கூட்டம் ஏன், அந்தக் கிழவி தனியாகவா பை தூக்கிப் போகிறாள்... ரோஸ்லின் கேட்காதது பாக்கியில்லை. தெருமுனை வந்ததும் ஷெரின் போனை வைத்துவிட்டாள்.

ரோஸ்லின் கொஞ்ச நேரம் அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"இத்தன வருசம் கப்பல்ல போனீய. புயலச் சொன்னீய, கப்பித்தானச் சொன்னீய. ஒரு தெருவக்கூட எனக்குச் சொல்லலியே?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"பாத்தாத்தான சொல்லுறதுக்கு" என்றேன்.

அயர்லாந்துக்கு நாங்கள் மாட்டுத் தீவனம் ஏற்றிப் போவோம். நனையவே கூடாத சரக்கு. மழை வந்தால் சரக்கறையின் மூடியை மூட வேண்டும், நின்றால் திறக்க வேண்டும். மூடி போசனின் பொறுப்பு. அந்த ஊர் மழையோ நம்ம ஊர் கரண்ட் மாதிரி... வரும், போகும். மற்றவர்கள் முறை வைத்துக்கொண்டு கரைக்குப் போய்விட்டு வருவார்கள். நான் மூடியோடு நிற்பேன். சரக்கு இறங்கி முடிந்ததும் கப்பலைக் கழுவி, கயிற்றை அவிழ்த்து, கிளம்ப வேண்டியதுதான். மற்ற துறைமுகங்களிலும் அநேகமாக இதே கதை. கிரேன் பார்த்தேன், கோடவுன் பார்த்தேன், வேலிக்கு அந்தப் பக்கம் போகிற கார்களைப் பார்த்தேன்.

இதை அவளிடம் சொன்னேன். அவள் எழுந்து போய்ச் சோற்றை வடித்தாள்.

நான் உலகத்தைச் சுற்றிப் பார்க்கிறேன் என்று அத்தனை வருஷம் நினைத்திருந்தவளுக்கு என்ன தோன்றியிருக்கும்? எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். நான் இருபது வருஷத்தில் காட்டாததை என் மகள் ஒரு தெரு நடந்து காட்டிவிட்டாள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு வீடியோ கால் வரும் நேரமானால் நான் செருப்பை மாட்டிக்கொண்டு பீச் ரோட்டுக்குப் போக ஆரம்பித்தேன். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று ஒரு காரணம். டாக்டர் காலையில் நடக்கத்தான் சொல்லியிருந்தார்.

ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது என் போனே அடித்தது. ஷெரின்.

"அப்பா, அம்மா ஒண்ணு சொல்லுதாங்க. உங்களுக்கு எம்மேல பொறாமையாம். நெசமா?"

ரோஸ்லின் அப்படித்தான். சுற்றி வளைக்கத் தெரியாது.

இந்த இடத்தில் ஒரு நல்ல அப்பா என்ன சொல்ல வேண்டும்? 'சேச்சே, உங்கம்மாவுக்கு வேற வேலையில்ல' என்று சிரிக்க வேண்டும். அதற்காக வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"ஆமா" என்றேன்.

அவள் சிரிப்பாள் என்று பயந்தேன். அல்லது அழுதுவிடுவாளோ என்று.

"கோவமாப்பா?"

"கோவமெல்லாம் இல்ல. பொறாமதான்."

"எதுக்கு?"

"நீ நடக்கியே, அதுக்கு."

பிறகு, "உங்க கப்பல் எங்கன நின்னுச்சு?" என்று கேட்டாள்.

சொன்னேன். லிமரிக் நகரத்தைத் தாண்டி, ஆறு கடலில் சேருகிற இடத்தில் ஃபாய்ன்ஸ் என்று ஒரு சின்னத் துறைமுகம். "ஏன் கேக்க?" என்றேன். "சும்மா" என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் கண் அயர்ந்திருந்தேன். ரோஸ்லின் வந்து உலுக்கினாள். "ஏங்க, பிள்ள எங்கயோ மேட்டுல நிக்கா. உங்களத்தான் கேக்கா."

போனை வாங்கினேன். காற்றுச் சத்தம். ஷெரினின் தலைமுடி பறந்தது.

"ரெண்டு பஸ் மாறி வந்தேம்ப்பா. கேட்டுக்குள்ள விட மாட்டேன்னுட்டாங்க. அதான் பின்னாடி ரோட்டு வழியா மேல ஏறிட்டேன். இதான உங்க ஹார்பர்?"

கேமராவைத் திருப்பினாள்.

அந்தத் துறைமேடையை நான் எப்போதும் கப்பலிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். இப்போது மேலிருந்து, கரைப் பக்கமிருந்து பார்க்கிறேன். கண்ணுக்குப் பிடிபட நேரமாயிற்று. இரண்டு கிரேன்கள். ஆற்றுக்கு நடுவில் அந்தச் சின்னத் தீவு. துறைமேடையில் ஒரு கப்பல் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது.

"இதான்" என்றேன்.

தூறல் போட்டது. திரையில் நீர்த்துளி விழுந்தது, அவள் துப்பட்டாவால் துடைத்தாள். கீழே கப்பலில் மூடிகள் மெல்ல மூடிக்கொள்ளத் தொடங்கின. ஆரஞ்சு உடுப்பில் ஓர் ஆள் பக்கத்தில் நின்றிருந்தான். மூடி முடிந்ததும் கைப்பிடிக் கம்பி அருகே வந்து நின்றான்.

"அப்பா, அந்த ஆள் இங்கயே பாக்கான்."

"ஒன்னையத்தான் பாக்கான்."

"என்னையவா? எதுக்கு?"

அப்போதுதான் எனக்கு ஒரு பெண்மணி நினைவுக்கு வந்தாள். நான் என் கப்பலில் அதே மாதிரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு நாள், இதே மேட்டுச் சாலையில் மழைக்கோட்டு போட்ட ஒருத்தி நாயோடு நடந்து போனாள். அவசரமே இல்லை அவளுக்கு. மேட்டின் உச்சிக்குப் போய், அந்தப் பக்கம் இறங்கி, மறைந்துவிட்டாள். முன்பின் தெரியாத அவள் மேல் எனக்கு வந்த பொறாமை இருக்கிறதே... நாய் மேலும்தான். பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கார் வந்தபோதுகூட எனக்கு அப்படி வந்ததில்லை.

இதை ஷெரினிடம் சொன்னேன். அவள் நனைந்துகொண்டே கேட்டாள்.

"அந்த ஆளுக்குக் கைய காட்டவா?"

"காட்டு."

காட்டினாள். அந்த மனிதன் கொஞ்சம் தயங்கிவிட்டு ஒரு கையைத் தூக்கினான். எந்த நாட்டுக்காரனோ. வீட்டில் யார் காத்திருக்கிறார்களோ.

"ஏளா" என்றேன், "அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"தெரியலையேப்பா. இருங்க."

அவள் ஏறினாள். மூச்சு வாங்குவது கேட்டது. ரோஸ்லின் என் தோளை ஒட்டி உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள். உச்சிக்குப் போனதும் ஷெரின் போனை மெதுவாக இடமிருந்து வலமாகக் காட்டினாள்.

ஒன்றுமில்லை. பச்சை வயல், கல் அடுக்கிய வேலி, நாலைந்து மாடுகள். ஒரு வீடு. வீட்டுக்குப் பின்னால் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது, அதாவது நனைந்துகொண்டிருந்தது.

"மழ பெய்யுதே, துணிய எடுக்காம விட்டுட்டாவளே" என்றாள் ரோஸ்லின் கவலையாக.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "போதுமாப்பா?" என்று ஷெரின் கேட்டாள். "இன்னும் கொஞ்சம் நில்லு" என்றேன். கை வலித்திருக்கும். ஆனாலும் நின்றாள்.

பொறாமை அதோடு தீர்ந்ததா என்று கேட்கிறீர்களா? இல்லை. அந்த மேட்டில் நின்றது அவள்தானே, நானில்லையே. ஆனால் ஒன்று கற்றுக்கொண்டேன். பொறாமையை உள்ளே வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கிவைத்திருந்தால் பீச் ரோட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வாய்விட்டுச் சொன்னால், சம்பந்தப்பட்ட ஆள் இரண்டு பஸ் மாறிப் போய் ஒரு மேட்டையாவது ஏறிக் காட்டுகிறார். ஒருவேளை எல்லோர் வீட்டிலும் இது நடக்காது. என் வீட்டில் நடந்தது.

இதற்கிடையே இன்னொரு சேதி. ஷெரினின் புரொபசர் அவளை மேற்படிப்புக்கு அங்கேயே விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறார். கிடைத்தால் அடுத்த வருஷம் கொண்டுபோய் விட வேண்டும். ரோஸ்லின் மறுநாளே சேவியரைக் கூப்பிட்டுத் தனக்குப் பாஸ்போர்ட்டுக்கு ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டாள்.

"அப்ப நான்?" என்றேன்.

"நீங்கதான் ஏற்கெனவே அயர்லாந்து பாத்தாச்சே" என்றாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

என் பாஸ்போர்ட் காலாவதியாகிப் பல வருஷம். நேற்று யாருக்கும் தெரியாமல் அதைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தைரியமாக இங்கே எழுதுகிறேன்... ரோஸ்லின் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை.