வெரி சாஃப்ட் என்று நான் எழுதிய நூல்

எண்பதுகளின் தொடக்கத்தில், டெக்ஸ்டைல் டிப்ளமோ முடித்த கையோடு, ஆரணியில் ஒரு சாயப்பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். கச்சாப் பட்டில் ஒரு பசை உண்டு. அது இருக்கும்வரை நூல் விறைப்பாக இருக்கும். சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்தால் பசை போய்விடும். ஒவ்வொரு கொப்பரைக்கும் நான் ஒரு அட்டை எழுதவேண்டும்: கொதித்த நேரம், எடைக் குறைவு, நிறம், தொட்டால் எப்படி இருக்கிறது. அட்டையின் கடைசிக் கட்டத்தில் எப்போதும் ஒரே சொல், சாஃப்ட்.

ஊரில் எல்லாரும் புழங்கிய சொல்தான். ஜவுளிக்கடையில் புடவை சாஃப்ட், டிபன் கடையில் இட்லி சாஃப்ட், அடிக்காத வாத்தியாரும் சாஃப்ட். எங்கு கேட்டாலும் பாராட்டாகவே இருந்ததால், கூடக் கூட நல்லது என்று நினைத்துவிட்டேன். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் பாவுக்குப் போகவேண்டிய ஒரு கொப்பரையைக் கால் மணி நேரம் கூடுதலாகக் கொதிக்கவிட்டேன். நூல் கையில் நழுவியது. 'வெரி சாஃப்ட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சில வாரம் கழித்து, அந்த நூலில் நெய்துகொண்டிருந்த நெசவுக்கார அம்மா ஒருவர் வந்து, மிச்சமிருந்த நூல் சிட்டத்தை என் மேசைமேல் போட்டார்.

"இன்னா பாப்பா, நூலு குடுத்தியா, வெந்த சேமியா குடுத்தியா? அறுந்ததை முடி போட்டுகினே கீறேன். ஒரு முழம் ஏறல."

பட்டறை மேலாளர் அட்டையை எடுத்துப் பார்த்தார். "வெரி சாஃப்ட்னு எழுதிக்கீதும்மா. நூலு நல்ல நூலு. தறியப் பாருங்க."

"தறி நேத்து வந்துதா சார்? வெள்ளிக்கிழமை பொடவை போவணும். என் கை சரியில்லன்னு சொல்லிட்டு அடுத்த பாவை வேற தறிக்குக் குடுத்துருவாரு எங்க மொதலாளி."

நான் அந்தச் சிட்டத்திலிருந்து பத்து இழை, அதற்கு முந்தைய கொப்பரையிலிருந்து பத்து இழை எடுத்தேன். ஒவ்வொன்றிலும் எடைக்கல் தொங்கவிட்டேன். பழைய இழைகள் தாங்கிய எடையில் பாதிக்கே என் இழைகள் அறுந்தன. மேலாளரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன்.

"எழுதிக் குடுத்தா பட்டறை பேரு கெடும்மா," என்றார் மெதுவாக.

"எழுதலைன்னா இவங்க பேரு கெடும் சார்."

கால் மணி நேரம் கூடுதல், நூலில் வலு இல்லை, தறியிலும் நெசவிலும் குறை இல்லை. இந்த மூன்றையும் அந்தத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மா அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை புடவை போகவில்லை. ஆனால் அடுத்த பாவும் அவருக்கே கிடைத்தது; மறுவாரம் புது நூலுக்கு அவரே வந்தார். ஓர் இழையை உருவி இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்தார். அறவில்லை.

"மெத்துன்னும் கீது, திமிரும் கீது. இத்த எழுதிக்க."

அட்டையில் திமிருக்குக் கட்டம் இல்லை. ஸ்கேலை வைத்து, சாஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டுப் புதுக் கட்டம் பிரித்தேன்.