முன்கூட்டியே வந்த பொன்னாடை

வாழப்பாடியைச் சேர்ந்த அறிவுச்செல்வி, பல்கலைக்கழகத்தில் பல வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். நிரந்தர வேலைக்கான நேர்காணலுக்கு அன்று அவளும் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். துறை விழாக்களுக்கெல்லாம் ஓடியாடுகிறவள் என்பதால், அலுவலக உதவியாளர் ராசு வழக்கம்போல அவளிடமே ஒரு பையை நீட்டினார்.

"பொன்னாடைங்க மேடம். நேர்காணல் முடிஞ்சதும் அன்பழகன் சாருக்கு நீங்களே போத்தி உட்ருவீங்களாம். துறைத்தலைவர் சொன்னாருங்க."

"அவரு இன்னும் உள்ளயே போகலையே?" அதே வேலைக்காக வரிசையில் காத்திருந்த அன்பழகனைப் பார்த்தபடி கேட்டாள்.

ராசு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. இந்த மானங்கெட்ட கூத்துக்கா இத்தனை பேரை வெயிலில் வரவழைத்தார்கள்? தன் பெயரைக் கூப்பிட்டதும், பொன்னாடையைத் தானே போர்த்திக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். துறைத்தலைவரின் முகம் வெளிறியது.

"பொன்னாடை முதல்லயே வந்திருச்சுங்க. இனிக் கேள்வியக் கேளுங்க."