இறகுத் தூண்டிலில் ஒரு கெண்டை

மீன் பிடிக்கிறவன் பொறுமைசாலி என்று எவனோ கிளப்பிவிட்டிருக்கிறான். அவன் என் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன். ரங்கூனில் இருந்த காலத்தில் என்னிடம் இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையையும் மிங்கலாடோன் பக்கத்துக் குளம் ஒன்று தின்று தீர்த்தது.

அது எங்கள் அலுவலக இஞ்சினியர் துரையின் குளம். செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கி உண்டானது. அதில் தன் சீமையின் டிரவுட் மீனை வளர்க்க வேண்டும் என்று அவருக்கு ஒரு கிறுக்கு. ஊட்டியிலிருந்து குஞ்சுகளை ஐஸில் வைத்துக் கப்பலில் வரவழைத்தார். ரங்கூன் வெயிலில் மனிதனே வெந்துபோகிறான், குளிர்தேசத்து மீன் என்ன செய்யும்? முதல் கோடையிலேயே எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. பிறகு கல்கத்தாவிலிருந்து கெண்டைக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார். மீன் மாறியதே தவிர, சட்டம் மாறவில்லை. புழு கூடாது, மாவு கூடாது. கொக்கியில் சேவல் இறகைக் கட்டி, ஈ மாதிரி ஆக்கி, அதைத் தண்ணீர்மேல் வீசித்தான் பிடிக்க வேண்டும். துரை சீமைக்குத் திரும்பும்போது தன் மூங்கில் தூண்டில்கோலையும் குளத்தில் மீன் பிடித்துக்கொள்ள அனுமதியையும் எனக்குக் கொடுத்தார். கூடவே சட்டத்தையும் கொடுத்துவிட்டுப் போனார், பாவி மனுஷன்.

டிரவுட்டாவது ஈயைக் கண்டால் பாயுமாம். கெண்டைக்கு ஈ என்றால் என்ன, யானை என்றால் என்ன? அது பாட்டுக்கு அடியில் பாசி மேய்ந்துகொண்டிருக்கும். கோலைப் பின்னால் ஓங்கினால் நூல் முள்வேலியில் மாட்டும். முன்னால் வீசினால் என் தொப்பியில் மாட்டும். ஒரு தடவை கொக்கி என் காதிலேயே ஏறிவிட்டது. அதை எடுத்துவிட்ட கம்பவுண்டர், "இன்னைக்குப் பெரிய மீனாத்தான் மாட்டியிருக்கு சார்" என்று பல்லைக் காட்டினான். ஞாயிறு தவறாமல் போனேன், ஞாயிறு தவறாமல் வெறுங்கையோடு வந்தேன்.

அப்போது என் மனைவிக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போக நாகப்பட்டினம் கப்பலில் டிக்கெட் எடுத்தாயிற்று. அவளுடைய அக்கா தலைப்பிரசவத்தில்தான் போய்ச் சேர்ந்தாள். அந்தப் பயம் இவளுக்கும் இருந்தது. வாய் திறந்து சொல்ல மாட்டாள். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். ஒருநாள் அவளாகவே, "அந்தக் கொளத்து மீன் ஒண்ணு கொண்டாங்க. புளி ஊத்திக் கொழம்பு வச்சு, வயிறு நெறையச் சாப்பிட்டுட்டு நிம்மதியாக் கப்பல் ஏறுறேன்" என்றாள். பஜாரில் மீன் மலைபோல் குவிந்து கிடந்தது, ஆனால் அந்த வாடையே அவளுக்கு ஆகவில்லை. அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். அதற்கும் வக்கில்லாமல் நான் முழித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை கப்பல். அதற்கு முந்தைய ஞாயிறு கடைசி வாய்ப்பு. கோடையில் குளம் பாதியாகச் சுருங்கிக் கிடந்தது. மத்தியானம்வரை வீசி வீசித் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. கோலை முழங்காலில் வைத்து முறித்துப் போடலாமா என்று யோசித்தபோது நூல் வெடுக்கென்று இழுத்தது. அடேயப்பா! முழங்கை நீளக் கெண்டை. இறகைக் கவ்வியிருந்தது, என் இறகை! இழுத்துக் கரை சேர்த்ததும் பைத்தியக்காரன்போல் கத்தினேன்.

என் கத்தலைக் கேட்டுக் கரைமேல் போய்க்கொண்டிருந்த பர்மாக்காரப் பெண்கள் நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். எல்லார் தலையிலும் தண்ணீர்க் குடம். மூத்தவள் சிரித்தபடி என் கையிலிருந்த மீனை வாங்கி, பதமாகக் கொக்கியைக் கழற்றி, தன் குடத்துக்குள் விட்டுவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் பர்மாப் பேச்சு பஜாரில் பேரம் பேசுவதோடு சரி. கையால் வயிற்றை வளைத்துக் காட்டினேன். வீடு இருக்கும் திசையைக் காட்டினேன். என் பெண்டாட்டி பிள்ளைத்தாய்ச்சி, அவளுக்கு அந்த மீன் வேண்டும், அவ்வளவுதானே! அந்தம்மாள் முகமெல்லாம் மலர்ந்து ஏதோ கேட்டாள். "ஙா! ஙா!" என்று குடத்தைக் காட்டிக் கத்தினேன். ஙா என்றால் மீன். அதுகூடத் தெரியாதவனா நான்?

பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் "தாது, தாது, தாது" என்று கைகூப்பினார்கள்.

அவர்களை ஏற்றிக்கொண்டு வந்த வண்டிக்காரர் நம் தமிழ் ஆள். மாட்டை விட்டுவிட்டு வந்து, "அண்ணே, தாதுன்னா நல்லதுன்னு அர்த்தம். நல்ல காரியம் பண்ணீங்க" என்றார்.

"என்னய்யா நல்ல காரியம்? என் மீனை எடுத்துட்டாங்கய்யா!"

"உங்க மீன்தான். வத்துற கொளத்து மீனப் புடிச்சுப் பெரிய ஏரியில விடுறது இவங்களுக்குப் பெரிய புண்ணியம். நீங்களும் அதுக்குத்தான் புடிக்கிறீங்கன்னு நெனச்சுட்டாங்க. ஒரு புழுவக்கூடக் கொல்லாம எறகால புடிக்கிறாரேன்னு உங்கள மெச்சிக்கிறாங்க. பொண்டாட்டி பிரசவத்துக்கு நேந்துக்கிட்டீங்களாமே? எத்தனை உசுரு விடப்போறீங்கன்னு அந்தம்மா கேட்டுச்சு. நீங்க அஞ்சுன்னு சொன்னீங்க."

"நான் எங்கய்யா அஞ்சு சொன்னேன்? மீன்னுதானே சொன்னேன்!"

"மீனும் ஙாதான், அஞ்சும் ஙாதான். என்ன பண்றது?" என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

அதோடு விட்டார்களா? மீதி நாலுக்காக அந்தப் பெண்கள் கரையில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். அவ்வளவு கண்களும் என் முதுகைப் பார்க்க, பொழுது சாயும்வரை வீசினேன். ஒன்றும் கடிக்கவில்லை. என் கெண்டை குடத்தோடு வண்டியேறிப் போயிற்று.

வயிற்றெரிச்சலோடு வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவளும் என்னோடு சேர்ந்து அந்தப் பெண்களைத் திட்டுவாள் என்று பார்த்தால், கண்கலங்கி நின்றாள்.

"எனக்காகவா? அஞ்சு உசுரா?"

"நான் எங்கடி நேர்ந்தேன்? அவங்களுக்குக் காது சரியில்ல!"

"வாயில வந்துருச்சுல்ல. சொன்னது சொன்னதுதான்." அன்று இரவு ரசத்தை ஊற்றிக்கொண்டு இரண்டு கை சோறு கூடுதலாகச் சாப்பிட்டாள். கையைக் கழுவிவிட்டு, "மிச்சம் நாலையும் நான் கப்பல் ஏர்றதுக்குள்ள விட்டுருங்க. நேந்துக்கிட்டதக் கொறையா வச்சுட்டுப் போனா, எங்கக்கா மாதிரி…" என்றாள்.

பஜாரில் உயிர்மீன் வாங்கி விட்டுவிடலாமே என்றேன். "உங்க கையால, எறகால புடிச்சதுன்னுதான கணக்கு?" என்று ஒரே போடாகப் போட்டாள்.

அலுவலகத்துக்கு மட்டம் போட்டுவிட்டுத் திங்களும் செவ்வாயும் குளமே கதியாகக் கிடந்தேன். சேவல் இறகு, கோழி இறகு, கொக்கு இறகு என்று எல்லாவற்றையும் கட்டிப் பார்த்தேன். சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். சாமிகளைத் திட்டவும் செய்தேன். புதன் காலையிலும் மனசு கேட்காமல், அவளைக் கப்பல்துறை ஜெட்டிக்கு அழைத்துப்போகும்படி, ஊரிலிருந்து அவளைக் கூட்டிப்போக வந்திருந்த மச்சானிடம் சொல்லிவிட்டு முதல் ரயிலில் ஓடினேன். ஒரு மீன்கூட, ஒரு குஞ்சுகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை.

ஜெட்டிக்கு நான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது ஏணியை எடுத்துவிட்டார்கள். மேல்தட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே அவள் நின்றாள். என்னைக் கண்டதும் என்ன ஆயிற்று என்று கையை ஆட்டிக் கேட்டாள். முகம் வெளிறிக் கிடந்தது. ஒரு கையில் கோல் இருந்ததால், மறு கையைத் தூக்கி, ஒன்றுமில்லை என்று விரித்துக் காட்டினேன்.

அவள் அந்த விரல்களை எண்ணினாள். முகம் அப்படியே மலர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். இல்லையடி என்று கத்த வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். கப்பல் ஆற்றின் நடுவுக்குப் போகும்வரை அந்தக் கையை நான் மடக்கவில்லை.