விருந்தாளிப் பிள்ளை

வேன்காரருக்கு இருந்தது ஒரே ஆசை. தினமும் ஊர்ப் பிள்ளைகளை இறக்கிவிடும் அந்தப் பள்ளியில் தன் மகள் குட்டியும் படிக்க வேண்டும். ஒரு மதச் சங்கம் நடத்தும் தனியார் பள்ளி அது. வேற்று மதத்து ஏழைப் பிள்ளைகளுக்கும் இலவச இடம் உண்டு என்று சொல்லி அரசாங்க மானியம் வாங்குகிறது. அவர் வேற்று மதம், ஏழ்மைக்கும் பஞ்சமில்லை. இதைவிட என்ன தகுதி வேண்டும்? ஆனால் கேட்கும்போதெல்லாம் தாளாளர், "பார்க்கலாம்ப்பா" என்று சிரிப்பார். அந்த இடங்கள் யாருக்குப் போயின என்று எந்தப் பலகையிலும் எழுதிப் போட்டதில்லை. குட்டியை வேறெங்கும் சேர்க்காமல் அவர் காத்திருந்தார்.

ஆண்டுக்கொரு முறை அதிகாரி பார்வையிட வருவார். அன்றைக்கு மட்டும் ஏழைப் பிள்ளைகள் எங்கிருந்தோ முளைத்துவிடுவார்கள். எங்கிருந்து என்ன, வேன்காரர்தான் அக்கம்பக்கத்துத் தெருக்களிலிருந்து அள்ளிக்கொண்டு வருவார். பீரோவிலிருந்து சீருடைகள் வெளியே வரும். ஆசிரியைகள் கொஞ்சமும் கூச்சமில்லாமல் 'விருந்தாளிப் பிள்ளைங்க' என்று பெயரே வைத்திருந்தார்கள்.

"இந்தத் தடவை உன் பொண்ணையும் கூட்டிட்டு வா. நல்லாப் பதில் சொன்னா அடுத்த மாசமே சேர்த்துக்கலாம்" என்றார் தாளாளர். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வேனில் உட்காரவைத்துக் குட்டிக்கு அந்தப் பள்ளியின் பிரார்த்தனைப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தார். வாசலில் நின்று கேட்டுக் கேட்டு அவருக்கே அது மனப்பாடம்.

மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவங்க பொய்க்கு நம்ம பிள்ளைதான் கிடைச்சாளா?"

"சும்மா இரும்மா. நமக்குக் காரியம் ஆகணும்ல."

குட்டி பிசிறில்லாமல் பாடினாள். "ஒண்ணாம் வகுப்பு படிக்கிறேன் சார்" என்றாள். அதிகாரி கன்னத்தைத் தட்டிக்கொடுத்து, அவள் பெயரைத் தானே குறித்துக்கொண்டார். சாயங்காலம் ஆயா சீருடையைக் கழற்றி வாங்கிக்கொண்டபோது, "நாளைக்கும் இதே பெஞ்சுதானேப்பா?" என்று குட்டி கேட்டாள். சீக்கிரமே என்றார் அப்பா. நம்பித்தான் சொன்னார், பாவம்.

அடுத்த மாதம் போய் நின்றார்.

"இலவச இடமெல்லாம் நிரம்பிடுச்சேப்பா. அதிகாரியே கையெழுத்துப் போட்டுட்டாரு."

"ஐயா, அதுல ஒரு இடம் என் பொண்ணோடதுங்க!"

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் தாளாளர்.

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அரசுப் பள்ளிக்குப் போனார். அங்கே தலைமையாசிரியை கணினியைப் பார்த்துவிட்டு, "உங்க பொண்ணு ஏற்கெனவே அந்தத் தனியார் பள்ளிக்கூடத்துல படிக்குதே. அவளுக்காக அரசாங்கம் பணமும் குடுக்குது. அங்க போய் டி.சி. வாங்கிட்டு வாங்க" என்றார்.

திரும்பி ஓடினார். தாளாளருக்கு இப்போதும் சிரித்த முகம்தான். "இங்க படிக்காத பிள்ளைக்கு எப்படிப்பா டி.சி. குடுக்கிறது?"

மேலிடத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்தால், அந்தப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வந்தது யார் என்றுதான் முதலில் கேட்பார்கள். வீட்டுக்கு வந்தார். வாசலில் குட்டி கைகூப்பி, கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். ஒரு சொல் பிசகவில்லை.

"நிறுத்து!" என்று கத்தினார்.

அவள் மிரண்டுபோய்க் கண்ணைத் திறந்தாள். "தப்பாப் பாடிட்டேனாப்பா?"